புவியியல் படித்தவர்க்கு என்ன வேலை?

எமது காலத்தில் உயர்தரத்தில் புவியியல் எடுத்தவர்களிடம், "கடைசியில் ரீச்சராகத்தானே போகப்போறீங்க?" என்பார்கள். பலர் அப்படியே போனார்கள். அது சிறிய பணியல்ல. ஆனால் எமது மண்ணின் வரலாறு இப்பாடத்துக்கு வேறு வேலைகளையும் வைத்திருந்தது.

1964 டிசம்பர்ப் புயல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் சேர்த்தே தாக்கியது. எனினும் 2004 சுனாமிக்குப் பின்னர்தான், 2005இன் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. எந்தக் கிராமம் தாழ்வானது, எவ்வழியால் வெளியேறுவது என வரைபடத்தில் குறிக்கப் புவியியல் கற்றவர்கள் தேவைப்பட்டனர்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டிக்குப் போனோம். பெருநிலப்பரப்பில் முசலி மக்களுக்கும் அதே கதி. அவர்கள் மீண்டு வந்தபோது ஊர்கள் காடாகிக் கிடந்தன. 2017இல் மாவில்லு வனம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தமது காணிகளும் அவ்வெல்லைக்குள் அகப்பட்டதாக முறையிட்டனர். வரைபடக் கோடொன்று ஒரு குடும்பத்தின் வளவைத் தீர்மானிக்கும் என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டோம். பழைய காணி உறுதியையும் செய்மதிப் படத்தையும் ஒருங்கே வாசிக்கத் தெரிந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்?

மருத்துவத்துக்கும் இப்பாடம் அந்நியமல்ல. 1854இல் லண்டனில் கொலரா மரணங்களை வரைபடத்தில் குறித்தே, ஒரு தண்ணீர்ப் பம்பியின் மீதான தன் சந்தேகத்தை ஜோன் ஸ்னோ நிறுவினார். டெங்குப் பரவலையும் இன்று அவ்வாறே குறிக்கிறோம்.

யாழ்ப்பாணம், பேராதனை, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் புவியியல் கற்கலாம். காணிப் பயன்பாட்டுத் திட்டமிடல், கரையோரப் பாதுகாப்பு, சுற்றாடல் மதிப்பீடு, புவியியல் தகவல் முறைமை எனப் பாதைகள் பல. எனவே சகோதரிகளே, உங்கள் மகள் புவியியல் எடுக்கப்போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். எமது ஊரின் வரைபடத்தை எம் பிள்ளைகளும் வரையட்டும்.