அந்தியோக்கியாவில் தள்ளுபடியான சொல்

'ஊசியா' என்ற கிரேக்கச் சொல் சொத்துபத்தைக் குறித்தது. நிலம், வீடு, கையிருப்பு எல்லாம் ஊசியாதான். தத்துவவாதிகள் கைக்குப் போனபின் 'உள்பொருள்' ஆயிற்று. நம்முடைய 'பொருள்' செல்வத்துக்கும் மெய்ப்பொருளுக்கும் ஒருசேர நிற்பதால் தமிழருக்கு இது சட்டென்று பிடிபடும். 'ஒரே' என்னும் 'ஹோமோஸ்' முன்னால் சேர, 'ஹோமோஊசியோஸ்': ஒரே பொருளான. இதைச் சமயப் பேச்சில் முதலில் புழங்கியவர்கள் 2-ஆம் நூற்றாண்டு ஞானக் கொள்கையினர். திருச்சபை அவர்களைப் பதிதர் என்றது. ஆக, பிறப்பிலேயே சந்தேகத்துக்குரிய சொல்.

அடுத்து அது சமோசாத்தா ஊர் பவுலின் வழக்கில் சிக்கியது. 260 வாக்கில் அந்தியோக்கியாவின் ஆயரானவர். இயேசு பிறப்பால் மனிதர், இறைவார்த்தை அவருக்குள் குடிகொண்டது என்பது அவர் போதனை. 268-இல் கூடிய ஆயர் மன்றத்தில், பேச்சுக்கலைப் பள்ளி நடத்திய மால்கியோன் என்ற குரு அவரை மடக்கி மடக்கிக் கேட்க, சுருக்கெழுத்தாளர்கள் எழுதிக்கொண்டார்கள். பதவி போயிற்று. மன்றத்தின் கடிதத்தில் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் எடுத்துக்காட்டும் பகுதிகளில் கொள்கையைவிட ஆடம்பரப் புகார்தான் அதிகம். ஆண்டுக்கு 2 லட்சம் செஸ்டர்ஸ் வாங்கும் அதிகாரியின் 'துசெனாரியுஸ்' பட்டம் அவருக்கு ஆயர் பட்டத்தைவிட இனித்ததாம். உயர்ந்த மேடையில் ஏறித் தொடையைத் தட்டிக்கொள்வாராம். நாடகக் கொட்டகைபோலக் கைக்குட்டை வீசி ஆரவாரிக்காதவர்களைத் திட்டுவாராம். எழுதியவர்கள் எதிராளிகள், கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

அந்தப் பகுதிகளில் நம் சொல் இல்லை. 325-இல் நிசேயா சங்கம், மகன் தந்தையால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுசுக்கு எதிராக, அதை விசுவாச அறிக்கையில் ஏற்றியது. 358 வாக்கில் அதை விரும்பாத ஆயர்கள், பவுலைக் கண்டித்தபோதே இச்சொல்லும் தள்ளுபடியாயிற்றே என்று பழைய கதையைக் கிளறினார்கள். நிசேயா தரப்புக்குச் சங்கடம். தந்தையும் மகனும் ஒரே பொருள் என்றால் இருவருக்கும் முந்திய மூன்றாவது பொருள் ஒன்று வேண்டிவரும் என்று பவுல் குதர்க்கம் பேசியதால்தான் ஆயர்கள் அதை விலக்கினர் என்றார் அந்தத் தரப்பின் அத்தனாசியுஸ். இருவரையும் ஒருவராகக் கரைக்கவே பவுல் அதைக் கையாண்டார் என்றார் அதே தரப்பின் ஹிலாரி. இரண்டு விளக்கமும் ஒட்டவில்லை. பழைய ஏடு இருவர் கையிலும் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

பதவி போனபின் பவுலும் லேசில் அசையவில்லை. சபை வீட்டைக் காலி செய்ய மறுத்தார். அந்தியோக்கியாவைக் கையில் வைத்திருந்த பல்மைரா அரசி செனோபியாவை 272-இல் வென்ற அவுரேலியன், கிறிஸ்தவரே அல்லாத பேரரசர், இத்தாலி, ரோமை ஆயர்கள் யாரை ஏற்கிறார்களோ அவர்களுக்கே வீடு என்று தீர்த்தார். பவுலின் சீடர்கள் பிறகும் இருந்தார்கள். சொல்லைச் சேர்த்துக்கொண்ட அதே நிசேயா, தன் 19-ஆம் விதியில், அவர்கள் திரும்பி வந்தால் மறுபடி ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றது.