வடிகட்டியும் கணினியும்

பாயா ரும்புட் என்னும் மலாய்ப் பெயருக்குப் புல் செறிந்த சதுப்புநிலம் என்பது பொருள். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது முதல், மலாக்கா மாநிலத் தோட்டங்கள் பெருகின. அங்கு உழைத்த தமிழர், பாலைச் சல்லடையில் வடித்துப் பட்டையும் தூசும் நீக்கிய பின்னரே காடி சேர்த்து உறைய வைத்தனர். சல்லடையில் கசடு படியப் படியப் பால் இறங்கும் வேகம் குறைவதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

அக்காலத்தில் தமிழர் பெருந்தொகையினராய் உழைத்த மற்றோர் இடம் கோலார் தங்கவயல். அங்கே பாறையை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலால் பொன்னைக் கரைத்துப் பிரித்தனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சிய கசடோ குன்றுகளாய் இன்றும் நிற்கிறது. தாதுச் சேற்றிலிருந்து நீரைப் பிரிப்பதும், கசட்டைக் காப்பதும் சுரங்கத் தொழிலின் தீராத சிக்கல்களாகும்.

இதற்குரிய கணக்கின் வேர் பிரான்சில் உள்ளது. டிஜோன் நகரின் பொறியாளர் ஆன்றி தார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி ஆராய்ந்து, 1856இல் தம் விதியை வெளியிட்டார். அழுத்தம் மிகுந்தால் நீரோட்டம் மிகும். மணற்படலம் தடித்தால் அது குறையும். ஆனால் ஆலை வடிகட்டியில் கசடே படலமாகி, நொடிதோறும் தடிக்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால், அது இறுகித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. 1930களில் ரூத் என்னும் அமெரிக்கர் இதற்குரிய சமன்பாடுகளை வகுத்தார். கணினி வந்தபின், படலத்தை மெல்லிய அடுக்குகளாகப் பகுத்து, ஒவ்வோர் அடுக்கின் இறுக்கத்தையும் நீரோட்டத்தையும் கணிப்பது எளிதாயிற்று. வடிகட்டியின் பரப்பு, அழுத்தம், காலம் ஆகியவற்றை ஆலை எழுமுன்னரே மதிப்பிட வழி பிறந்தது.

இக்கணக்கு பொருட்செலவை மட்டும் தொட்டு நிற்பதன்று. 2019 ஜனவரி 25ஆம் நாள், பிரேசில் நாட்டின் புருமாதினோவில் இரும்புத் தாதுக் கசட்டைத் தேக்கிய அணை உடைந்து, 270 பேர் மாண்டனர். நீரில் ஊறிய கசடு கணப்பொழுதில் குழம்பாகி ஊர்களை விழுங்கிற்று. நீரை வடித்துக் கசட்டை உலர்வாக அடுக்கும் முறையை உலகம் இன்று நாடுவதற்கு இத்தகைய பேரிழப்புகளே தூண்டுகோல்.

எனினும் கணினி தானாக எதையும் அறியாது. கசட்டின் தடையை உணர்த்தும் எண்ணை, சேற்றை உண்மையாகவே வடித்துப் பார்த்துத்தான் பெறவேண்டும். களிமண் மிகுந்த தாது வருமாயின் பழைய எண் பொய்த்துவிடும். சல்லடையை உற்று நோக்கிய தோட்டத் தொழிலாளியின் கவனத்துக்குக் கணினி யுகத்திலும் வேலை இருக்கிறது.