வாயில்லா உயிர்கள் கொடுத்த விலை

இருவர் போட்டியிடும்போது வெற்றியும் தோல்வியும் அவ்விருவரையே சார்ந்தவை. ஆயினும், அதில் யாதொரு பங்கும் இல்லாத வாயில்லா உயிர்கள் அப்போட்டிக்கு விலை கொடுக்க நேர்ந்ததை வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. இதற்கு உலகம் எடுத்துக்காட்டும் பெயர் அமெரிக்கப் புத்தாக்க அறிஞர் தாமஸ் எடிசனுடையது. நம் முத்துக்குளித்துறைக் கரைக்கும் அத்தகைய கதை ஒன்றுண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

1880-களின் இறுதியில் அமெரிக்க நகரங்களுக்கு மின்சாரம் வழங்குவதில் பெரும் போட்டி மூண்டது. எடிசன் நேர்மின்னோட்டத்தை வழங்கினார். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் மாறுதிசை மின்னோட்டத்தை வழங்கினார். பின்னது தொலைதூரம் செல்ல வல்லது, செலவும் குறைவு. அதனை எதிர்த்தோர் அஃது உயிர்க்கொல்லி என மக்களை அஞ்சவைக்க முற்பட்டனர். 1888 ஜூலை 30 அன்று நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் ஹெரால்டு பிரவுன் என்பவர் பலரறிய ஒரு நாயின் உடலில் நேர்மின்னோட்டத்தைப் பலமுறை பாய்ச்சி வதைத்து, முடிவில் மாறுதிசை மின்னோட்டத்தால் கொன்றார். இரண்டாவது நாயைக் கொண்டுவந்தபோது, பிராணிவதைத் தடுப்புச் சங்க அலுவலர் எழுந்து தடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று எடிசனின் சொந்த ஆய்வுக்கூடத்திலேயே இரண்டு கன்றுகளும் ஒரு குதிரையும் அவ்வாறே கொல்லப்பட்டன. எடிசன் தம் கூடத்தையும் உதவியாளரையும் இச்செயலுக்குத் தந்திருந்தார்.

டாப்ஸி என்னும் யானையையும் இப்போட்டிக்காக எடிசன் கொன்றார் எனப் பலர் கூறுவர். அது பிழை. அந்த யானை கொல்லப்பட்டது 1903 ஜனவரி 4 அன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே போட்டி முடிந்து, எடிசனும் மின் வணிகத்தை விட்டு விலகியிருந்தார். அக்கொடுமையைப் படம் பிடித்தது அவருடைய திரைப்பட நிறுவனம் என்பதே உண்மை. குற்றம் சாட்டுகையிலும் நீதி வழுவலாகாது. போட்டியில் வென்றதோ மாறுதிசை மின்னோட்டம். இன்று தூத்துக்குடி அனல்மின் நிலையம் ஆக்கித் தருவதும் அதுவே.

எடிசனைக் குறை கூறுவது நமக்கு எளிது. அவர் நமக்கு உறவினர் அல்லர். நம் கரையின் கதையோ அவ்வளவு எளிதன்று.

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலிற் கலக்கும் இடத்தருகே பழையகாயல் என்னும் ஊர் உள்ளது. மார்க்கோ போலோ வருணித்த பெருந்துறை இதுவே எனக் கால்டுவெல் கருதினார். காயல்பட்டினத்தை அத்துறையோடு இணைத்துக் கூறுவோரும் உளர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுர்முஸ், கைஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வந்த மரக்கலங்கள் அத்துறையில் நங்கூரமிட்டன. இக்கரையின் முத்து மேற்கே சென்றது. அரபுக் குதிரை இங்கே இறங்கியது.

அந்நாளில் போர்த்தொழிலின் தலையாய கருவி குதிரைப்படை. தமிழகத்தின் தட்பவெப்பமோ நற்குதிரை வளர்ப்பிற்கு ஏற்றதன்று. பாண்டியர், போசளர், காகதியர், தேவகிரி யாதவர் என அரசுகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்ற காலம் அது. ஒருவர் குதிரை வாங்கினால், மற்றவர் வாங்காதிருக்க இயலவில்லை.

பாண்டிய நாட்டை உடன்பிறந்த ஐந்து அரசர்கள் ஆண்டனர் என்றும், ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லையாம்! பேணத் தெரியாமையே காரணம் என்கிறார். அத்துடன் கடுமையான குற்றச்சாட்டு ஒன்றையும் சேர்க்கிறார்: குதிரை வணிகர்கள் குதிரை மருத்துவர்களைத் தம்முடன் அழைத்து வருவதில்லை, பிறர் வரவும் விடுவதில்லை, குதிரைகள் மடிவதே அவர்களுக்கு ஆதாயம் என்பதாம்.

இஃது அயலார் ஒருவரின் அவதூறு எனத் தள்ளிவிடலாமா? பாரசீக முஸ்லிம் வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் நூலைப் புரட்டுவோம். கைஸ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்பினார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். அத்தாபெக் அபூபக்கர் காலத்தில் காயலுக்கும் பிற துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும் அவர் குறிக்கிறார். ஐந்து அரசர்க்குத் தலா 2,000 என்ற மார்க்கோ போலோவின் கணக்கோடு இது பொருந்துவது கருதத்தக்கது.

குதிரைகள் பட்ட பாட்டையும் வஸ்ஸாஃப் மறைக்கவில்லை. பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும், நெய்யில் சமைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் ஊட்டினராம். கொழுக்க வேண்டுமென்று 40 நாட்கள் கயிற்றாலும் முளையாலும் கொட்டிலிற் கட்டிவைத்துப் பின்னர்ப் பழக்காமலே, அங்கவடியும் இன்றிப் பேய்போல் ஏறி விரட்டினராம். விரைவும் வலிவும் மிக்க குதிரைகள் சின்னாட்களில் சோர்ந்து பயனற்றுப் போயின. பாலும் நெய்யும் ஊட்டியவர்களிடம் அன்பில்லை எனச் சொல்லவியலாது. அறியாமையே அங்கே கொலைக்கருவி ஆயிற்று.

அந்த அறியாமையைப் போக்க வல்லவர்கள் யார்? குதிரையோடு பிறந்து வளர்ந்த நாட்டினரான வணிகர்களே. வணிகர் மருத்துவரைத் தடுத்தனர் என்ற குற்றச்சாட்டு மார்க்கோ போலோவினது மட்டுமே. வஸ்ஸாஃப் அதனைக் கூறவில்லை. ஆனால், கடலில் மாண்ட குதிரைக்கும் அரசு கருவூலமே விலை தரும் என்பது உடன்படிக்கை என அவர் எழுதுகிறார். கடலில் மடிந்தால் விற்றவருக்கு இழப்பில்லை. கரையில் மடிந்தால் மறு ஆண்டு மற்றொரு குதிரை விற்கும். உயிர்காக்கும் அக்கறை அவ்வணிகத்தில் எங்கிருந்து பிறக்கும்?

ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராய் விளங்கியதையும், காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்ததையும் நாம் பெருமையுடன் பேசுகிறோம், பேசுவது தகும். சமயம் கடந்த நம்பிக்கைக்கு அது சான்று. ஆனால், அத்துறைகளில் இறங்கிய குதிரைகளின் கதி என்ன என்ற வினாவையும் அப்பெருமையோடு சேர்த்தே ஏற்கவேண்டும்.

அளவுகோலை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. பூனையொன்றைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்றும், விடாய்த்த நாய்க்கு நீர் தந்தவர் மன்னிக்கப்பட்டார் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்தார்கள். அந்தப் பெண் பூனையை அடித்துக் கொல்லவில்லை என்பதை நினைவிற் கொள்வோம். காக்கும் ஆற்றலிருந்தும் காவாது விட்டதே அவள் குற்றம்.

அத்தனை குதிரைகளும் பாண்டியரைக் காத்தனவா? மாறவர்மன் குலசேகரனின் மைந்தர்கள் அரியணைக்காகத் தம்முள் பொருதனர். 1311-இல் மாலிக் காஃபூரின் படை மதுரையை அடைந்தது. காயல் துறையும் நாளடைவில் தூர்ந்தது. வணிகம் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது.

குதிரை வணிகம் பழங்கதை ஆயிற்று; உயிர் வணிகமோ தொடர்கிறது. தியாகத் திருநாளையொட்டி ஆடுகள் வண்டிகளில் நெருக்கி ஏற்றப்பட்டு, நீரின்றி நெடுந்தூரம் வருகின்றன. வழியில் எத்தனை மடியும் எனக் கணக்கிட்டு, அதனையும் விலையிற் சேர்க்கும் வணிகர் உண்டு. அந்த விலையைக் கொடுத்து வாங்குவோர் நாமே. வாங்குமுன் அந்த ஆடு எவ்வாறு வந்தது, வழியில் நீர் கண்டதா என ஒரு சொல் கேட்போம்.