ஜெருசலேம் லுத்தரன் தேவாலயம், எபெனேசர்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா ஆற்றங்கரையில் உள்ள செங்கல் தேவாலயம். சால்ஸ்பர்க் அகதிகள் 1767–1769இல் கட்டியது. இன்றும் இங்கே வழிபாடு நடக்கிறது.

1731இல், இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க்கின் கத்தோலிக்கப் பேராயர் ஃபிர்மியான் புராட்டஸ்டன்டுகளை நாடுகடத்த ஆணையிட்டார். ஏறத்தாழ 20,000 பேர் ஊரை விட்டு நடந்தனர். பெரும்பாலோர் பிரஷ்யாவுக்குப் போக, ஒரு சிறு குழு கடல் கடந்து 1734 மார்ச்சில் ஜார்ஜியாவை அடைந்தது. உடன் வந்த போதகர்கள் போல்சியஸ், குரோனாவ் இருவரும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தவர்கள். தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் போதகர் சீகன்பால்கு படித்ததும், அவருடைய பணியைத் தாங்கியதும் அதே ஹாலேதான் என்பது தமிழர் அறிய வேண்டிய உறவு.

எபெனேசர் என்ற பெயரில் முதலில் குடியேறிய இடம் கொடியது: மண் விளையவில்லை, ஓடையில் படகு செல்லவில்லை, நோய் பலரைக் கொன்றது. 1736இல் ஆற்றோரம் புதிய எபெனேசரை அமைத்தனர். அனாதை இல்லம் கட்டினர், பட்டுப்புழு வளர்த்தனர். அடிமை உழைப்பு வேண்டாம் என்று போல்சியஸ் உறுதியாக வாதாடியதே இக்குடியேற்றத்தின் ஆகப் பெரிய சிறப்பு. ஆனால் 1750களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவில் அடிமைத்தடை நீங்கியது. எபெனேசருக்கும் அடிமைகள் கொண்டுவரப்பட்டனர்.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படை ஆலயத்தை மருத்துவமனையாகவும் குதிரை லாயமாகவும் பயன்படுத்தியது. ஊர் மீளவில்லை, ஆலயம் நின்றது. கோபுர உச்சியில் லுத்தரின் அடையாளமான அன்னம் காற்றுத்திசை காட்டியாக உள்ளது.