மலையகப் பிள்ளைகளும் கடல் கடந்த பத்திரங்களும்

இலங்கைக் குழந்தைகளை ஐரோப்பியத் தம்பதியருக்குத் தத்துக் கொடுப்பது 1970களில் பெருகி, 1980களில் உச்சத்தை எட்டியது. நெதர்லாந்து, சுவீடன், ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்கு இவ்வாறு சென்ற குழந்தைகள் 11,000 பேருக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் நெதர்லாந்துக்குச் சென்றனர். சுவிட்சர்லாந்து 1973 முதல் 1997 வரை 881 குழந்தைகளுக்கு நுழைவு அனுமதி வழங்கியது. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த தாய்மாரின் பிள்ளைகளும் இவ்வாறு கடல் கடந்தவர்களில் உண்டு.

இந்தத் தத்துகளுக்குச் சட்ட அடிப்படை 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டம். அச்சட்டத்தின்படி தத்தெடுப்பவர் 25 வயது நிரம்பியவராகவும், பொதுவாகக் குழந்தையைவிட 21 வயதேனும் மூத்தவராகவும் இருக்க வேண்டும். அக்காலத்தில் குழந்தை 14 வயதுக்குட்பட்டதாக இருக்க வேண்டியிருந்தது. பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும். இவற்றை ஆராய்ந்த பின்னரே நீதிமன்றம் மகவேற்பு ஆணை பிறப்பிக்கும்.

வெளிநாட்டுத் தம்பதியருக்கு இந்த ஆணை தொடக்கம் மட்டுமே. அதைக் காட்டிப் பதிவாளர் நாயகத்திடம் மகவேற்புச் சான்றிதழும், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் குழந்தைக்குக் கடவுச்சீட்டும், தங்கள் நாட்டுத் தூதரகத்தில் நுழைவு அனுமதியும் பெற வேண்டியிருந்தது. ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு முந்திய அலுவலகத்தின் பத்திரத்தை நம்பியது. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தவை இரண்டு: பிறப்புச் சாட்சிப் பத்திரமும் தாயின் சம்மதமும். இவற்றில் பொய் நுழைந்துவிட்டால் மேலே வரும் முத்திரைகள் அனைத்தும் அந்தப் பொய்யையே உறுதிப்படுத்தின.

இந்திய வம்சாவளித் தமிழரான தோட்ட மக்களின் வாழ்வில் பத்திரம் என்பது ஏற்கெனவே நெருக்கடியான விடயமாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட 1974இல் உடன்பாடு காணப்பட்டது. குடியுரிமை பெரும்பாலும் தந்தை வழியே கிடைத்ததால், நாடற்ற தந்தைக்குப் பிறந்த பிள்ளையும் நாடற்றதாயிற்று. பிறப்புச் சாட்சிப் பத்திரம் அப்பிள்ளையின் பிறப்பை நிறுவியது, குடியுரிமையை நிறுவவில்லை. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகே இந்த நிலை முடிவுக்கு வந்தது.

பத்திரங்கள் மக்களின் கைக்கு எட்டாமல் இருந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. பிள்ளை பிறந்த செய்தி தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே பதிவாளரை எட்டியது. எழுத்தறிவு குறைந்த தாய்க்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட பத்திரத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. அதன் மேல் வறுமை அழுத்தியது. 1973–74இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. தமிழருக்கு எதிரான 1977, 1981, 1983 வன்செயல்கள் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. மணமாகாமல் கருவுற்ற பெண்ணும் கணவன் கைவிட்ட பெண்ணும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சினர். தரகர்கள் தேடி வந்தது இத்தகைய பெண்களைத்தான்.

மோசடி பல வடிவங்களில் நடந்தது. குழந்தையைப் பெற்றவள் ஒருத்தியாக இருக்க, கூலிக்கு அமர்த்தப்பட்ட வேறொருத்தி தாயாக நீதிமன்றத்தில் நின்று சம்மதம் சொன்னாள். பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் ஆகியவை மாற்றி எழுதப்பட்டன. பிள்ளை இறந்துவிட்டதாகத் தங்களிடம் சொல்லப்பட்டது என்று பின்னாளில் சில தாய்மார் சாட்சியம் அளித்தனர். விற்பனைக்காகவே கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் தங்கவைத்த ‘குழந்தைப் பண்ணைகள்’ 1980களில் பிடிபட்டன.

குழந்தைகளைப் பெற்றுக்கொண்ட நாடுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சுவிட்சர்லாந்தில் குழந்தை முதலில் வளர்ப்புப் பிள்ளையாகவே நுழைந்தது. ஈராண்டு வளர்ப்புக்குப் பின்னரே அந்நாட்டுச் சட்டப்படி தத்து நிறைவேறியது. சரிபார்க்க அவகாசம் இருந்தும், தாயின் சம்மதப் பத்திரம் இல்லாத கோப்புகளுக்குக்கூட அனுமதி கிடைத்ததைப் பின்னாளைய ஆய்வுகள் வெளிப்படுத்தின.

‘குழந்தைப் பண்ணை’ செய்திகள் உலகெங்கும் பரவியதை அடுத்து, 1987இல் இலங்கை அரசு வெளிநாட்டுத் தத்துகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. 1992ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தரகர்களின் வழியை அடைக்க முயன்றது. வெளிநாட்டவர் நேரடியாகக் குழந்தை தேடுவது நின்றது. அரச இல்லங்களிலோ பதிவு பெற்ற இல்லங்களிலோ உள்ள குழந்தையை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆணையாளரின் வழியாகவே பெற வேண்டும் என்றாயிற்று. 1993இன் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையை இலங்கை 1995இல் ஏற்றது. பிறந்த நாட்டில் தகுந்த குடும்பம் கிடைக்காதபோதே வெளிநாட்டை நாடுதல், இரு நாடுகளின் மத்திய அதிகாரிகளும் ஒப்புதல் அளித்தல், முறைப்படி நடந்த தத்தை உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்றல் ஆகியவை அதன் அடிப்படை விதிகள்.

பழைய கோப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2017இல். நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் ‘செம்ப்லா’ நிகழ்ச்சி மோசடிகளை வெளிக்கொணர, அப்போதைய இலங்கைச் சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டார். மரபணுத் தரவு வங்கி அமைப்பதாகவும் கூறினார். சுவிஸ் கூட்டாட்சி அரசு 2020இல் வருத்தம் தெரிவித்தது. 2021 பிப்ரவரியில் வெளியான நெதர்லாந்து விசாரணைக் குழுவின் அறிக்கை, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளில் கட்டமைப்பு முறைகேடுகள் நடந்ததை உறுதி செய்தது. நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டுத் தத்துகளை இடைநிறுத்தியது.

தத்துச் சென்றவர்கள் இன்று நடுவயதில் தாயைத் தேடி வருகின்றனர். அவர்கள் கையில் இருக்கும் முதல் சான்று, பொய் எழுதப்பட்டிருக்கக்கூடிய அதே பிறப்புப் பத்திரம். மலையகத்தில் தேடல் இன்னும் கடினம். தொழிலாளர் குடும்பங்களில் கணிசமானவை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் போய்விட்டன. தாய்மாரோ முதுமை அடைந்துவிட்டனர். தோட்டப் பிறப்புப் பதிவுகள், மருத்துவமனை ஏடுகள், நீதிமன்றக் கோப்புகள் ஆகியவற்றைப் பாதுகாத்துத் தேடுவோருக்குத் திறந்துவிடுவதும், மரபணுச் சோதனையைத் தோட்டத் தாய்மாருக்குத் தமிழில், கட்டணமின்றிக் கிடைக்கச் செய்வதும் அரசு தாமதிக்கக் கூடாத கடமைகள்.