பொம்மைக்கு வாய் பெரிது

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மூளை அறுவையில் என்னய்யா வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நோயாளி பேசுகிறார், மருத்துவர் எழுதுகிறார். பேச்சு எழுத்தாகும்போது அதில் யார் காணாமல் போகிறார்? இது நம்ம கேள்விதானே. வைல்டர் பென்ஃபீல்டின் ஆய்வு வாழ்வை இந்த இடத்திலிருந்துதான் வாசிக்கிறேன்.

அமெரிக்காவில் 1891இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஷெரிங்டனிடம் படித்து, 1928இல் கனடாவின் மாண்ட்ரியலுக்குப் போனார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பெரும்பணத்தில் 1934இல் அங்கே அவருடைய நரம்பியல் நிறுவனம் எழுந்தது. மூலதனமும் அறிவும் கைகோத்த கதை நமக்குத் தெரிந்ததுதான். அறுவைக் கூடத்துக்குள் போவோம்.

வலிப்பு நோயாளி விழித்திருக்கிறார். தலைத்தோலுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. திறந்த மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொடுகிறார் பென்ஃபீல்ட். கட்டைவிரல் மரத்தது, நாக்கு இழுத்தது என்று நோயாளி சொல்லச் சொல்ல, தொட்ட இடத்தில் எண் போட்ட சின்னத் துண்டு வைக்கப்படும். வலிப்பின் ஊற்றை வெட்டும்போது பேச்சையும் கையையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாதே, அதற்குத்தான். சில சமயம் மின்சாரம் வைக்காமலே வைத்ததாகச் சொல்லிப் பார்ப்பார். நோயாளியின் சொல் நம்பத்தக்கதா என்ற சோதனை அது. மருத்துவரின் சொல்லுக்கு அப்படியொரு சோதனை கிடையாது, கவனியுங்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1874இல் சின்சினாட்டியில் மேரி ராஃபர்ட்டி என்ற வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மண்டையோட்டைப் புண் அரித்திருந்தது. பார்த்தலோ என்ற மருத்துவர் அதன் வழியே மூளைக்குள் ஊசிகளைச் செலுத்தி, வலிப்பு வரும்வரை மின்சாரத்தைக் கூட்டினார். சில நாட்களில் அவள் செத்துப்போனாள். பார்த்தலோ கட்டுரை எழுதினார். பென்ஃபீல்டைப் பார்த்தலோவோடு ஒன்றாகக் கட்டுவது அநியாயம். இங்கே தேடியது சிகிச்சை. வழிகாட்டியது நோயாளியின் வாய்.

ஆனால் அந்த வாய்க்கு என்ன ஆயிற்று? 1937இல் எட்வின் போல்ட்ரியோடு எழுதிய கட்டுரையில் பல நோயாளிகள் சொன்னதெல்லாம் சேர்ந்து ஒரே பொம்மையானது. பெரிய உதடு, பெரிய கை, சிறுத்த உடம்பு. இன்றும் பாடநூல்களில் இருக்கும் அந்தப் பொம்மைக்கு வாய் பெரிது, பேச்சு கிடையாது. 2023இல் வந்த ஆய்வு அந்த வரைபடத்தையே திருத்தியது: கால், கை, வாய்ப் பகுதிகளுக்கு நடுவே முழு உடலின் செயலையும் கோக்கும் பகுதிகள் இருக்கின்றன. துண்டு துண்டாய்ப் பிரித்த உடல் அங்கே மறுபடி ஒன்றாகிறது.

அவர் வீட்டுக்குள்ளும் இதே கதைதான். அக்கா ரூத்துக்கு மூளைக் கட்டி. 1928இல் தம்பியே அறுத்தார். வலது முன்மூளையின் பெரும்பகுதி போயிற்று. பிறகு ஒருநாள் விருந்துக்குச் சமைக்க நினைத்தவர், எல்லாப் பொருளும் எதிரே இருந்தும் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அடுப்படியில் தவித்து நின்றார். 1931இல் இறந்தார். 1935இல் அந்தச் சமையலறை ஆய்வுக் கட்டுரையானது. அதில் அக்காவுக்குப் பெயரில்லை. விருந்தாளியாக வந்த தம்பிக்கும் இரண்டு எழுத்துதான். அந்தத் துக்கத்தை எழுத அறிவியல் மொழியில் இடமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மின்சாரத்தால் கையைத் தூக்க வைத்தபோது, நான் தூக்கவில்லை, நீங்கள்தான் தூக்கினீர்கள் என்று நோயாளிகள் சொன்னார்கள். மண்டை திறந்து கிடக்கும்போதும் ஒரு மறுப்பு! தன் உடலில் நடந்ததைத் தன் செயல் என ஏற்க மறுக்கும் குரல். 1975இல், சாவதற்கு ஓராண்டு முன், மனதை மூளைக்குள் மட்டும் அடக்க முடியாது என்று பென்ஃபீல்ட் எழுதியபோது கையில் வைத்திருந்த சான்றுகளில் ஒன்று இந்த மறுப்பு. மனம் தனி என்ற அவர் முடிவு எனக்கு ஒப்பில்லை. மறுத்தவர்கள் பக்கம் நான் நிற்கிறேன்.

பெயரை மறைப்பது அந்தரங்கத்தைக் காக்கத்தான் என்பீர்கள். சரி, மறையுங்கள். ஆனால் அறிந்தவர் ஒருவர், அறியப்பட்டவர் இன்னொருவர் என்று எழுதாதீர்கள். கட்டைவிரல் மரத்ததை முதலில் அறிந்தது மேசையில் கிடந்தவர்தான்.