முகமூடி வழி மூச்சுத்துணை

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றும்போது, தொண்டைக்குள் குழாய் செலுத்தாமல், முகத்தோடு பொருந்தும் முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிகிச்சை இது. கருவியின் பெயர் பைபாப். மூச்சை இழுக்கையில் அழுத்தம் கூடும், விடுகையில் குறையும். களைத்த தசைகள் இளைப்பாற, தேங்கிய கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்.

1995இல் லோரான் ப்ரோஷார் குழுவினர் 85 ஐரோப்பிய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு பெரும் திருப்பம்: முகமூடி பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கே குழாய் தேவைப்பட்டது, மற்றவர்களில் 74. மருத்துவமனை இறப்பும் 29இலிருந்து 9 விழுக்காடானது.

இந்த அடைப்பு நோய் புகைபிடிப்போருக்கு மட்டுமல்ல, புகைபிடிக்காத பெண்களுக்கும் விறகடுப்புப் புகையால் வருகிறது.

இத்தகைய நுரையீரல் நோய்களுக்குச் சிகிச்சை தரும் தாம்பரம் சானடோரியம், 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோய்க்கெனத் தொடங்கியது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

உதடு நீலம் பாய்ந்தாலோ, நோயாளி குழப்பமாகப் பேசினாலோ, உடனே 108ஐ அழையுங்கள்.